ஜார்ஜ்டவுனில் முதல் இரண்டு நாள்: பினாங்குக்குப் புதிதாக வருபவருக்கு

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு முதல்முறை வரும் தமிழர்களில் பலர் நேராக அதன் பழைய நகரமான ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் அறை எடுக்கிறார்கள். காலையில் தோசை, மாலையில் மாரியம்மன் கோயில், நடுவில் புடவைக்கடை. ஊர் திரும்பியதும் "அப்படியே நம்ம ஊர் மாதிரி இருக்கு" என்கிறார்கள். நாலு தெருவைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஹொக்கியன் சீனர், மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம், தமிழ் இந்து, அச்சேவிலிருந்து வந்த அரபு வம்சத்தார், தாய்லாந்து, பர்மா கோயில்களைக் கட்டியவர்கள் என எல்லாரும் சிறு தீவின் ஒரு முனையில் இருநூறு ஆண்டுக்கு மேல் அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். அதற்காகத்தான் 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. ஆகவே என் யோசனை, வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுவது. லிட்டில் இந்தியாவைக் கடைசிக்கு வையுங்கள். அது எங்கும் ஓடிவிடாது.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கும் சலுகை நடப்பில் இருக்கிறது. காலக்கெடுவோடு தரப்படும் சலுகை என்பதால், டிக்கெட் போடும் நாளில் ஒருமுறை அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகருடையது. மின் இணைப்புக்குத் தட்டையான மூன்று முனைப் பிளக்தான் இங்கே; நம் உருண்டை முனைப் பிளக் நுழையாது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். வாடகை வண்டிக்குக் கிராப் செயலியை ஊரிலேயே போனில் ஏற்றிவிட்டு வந்தால் விமான நிலையத்தில் திண்டாட வேண்டாம்.

தீவுக்குள் வரும் வழி

விமானத்தில் வருபவர்கள் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இறங்குவார்கள். அங்கிருந்து நகருக்குக் கிராப் எடுக்கலாம். பெட்டி சிறியதாக இருந்தால் 401 எண் பேருந்தில் ஏறி கொம்தார் கோபுரத்திலோ படகுத்துறையிலோ இறங்கலாம். பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். ஒரு வெள்ளி நோட்டுகளைத் தயாராக வையுங்கள். இங்குள்ள தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றும், சென் என்ற சில்லறையைக் காசு என்றும்தான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லிப் பழகலாம்.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு என் பரிந்துரை ரயில். நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி பட்டர்வொர்த்தில் நிற்கும். நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். 1985இல் திறந்த பாலமும் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கும்போது படகு எதற்கு என்று கேட்பார்கள். காரில் பாலம் கடந்தால் அடுக்குமாடிகளும் நெரிசலும்தான் முதலில் கண்ணில் படும். படகிலோ பழைய துறைமுக நகரம் கடலைப் பார்த்து நிற்கிற கோலத்திலேயே தெரியும். வங்கிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் கடலுக்குள் கால் ஊன்றிய சீனர் வீடுகள், பின்னால் கொம்தார், அதற்கும் பின்னால் மலை. 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை நட்டதும் இந்தக் கரையில்தான். கட்டணம் பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும், அதுவும் ஓரிரு வெள்ளி. ரொக்கத்தை நம்பாமல் கார்டை எடுத்து வையுங்கள்.

தங்குமிடமும் தெருப் பெயரும்

லெபோ சூலியா, லெபோ ஆர்மேனியன், லவ் லேன் பக்கம் பழைய கடைவீடுகளை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கும் நடந்தே போகலாம். லவ் லேனில் இரவு மதுக்கூடச் சத்தம் இருக்கும், குழந்தையோடு வருபவர்கள் தள்ளி எடுங்கள். பழைய வீடுகளில் படி செங்குத்து, மின்தூக்கி இராது. பெரியவர்கள் வந்தால் கீழ்த்தள அறை கேளுங்கள்.

தெருப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. மலாயில் லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை. ஜாலான் பினாங்கு வேறு, லெபோ பினாங்கு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேர்க்க விறுவிறுக்க நடக்க வேண்டும். அரசுப் பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிலிங் என்று இருப்பதைப் பழைய ஆட்கள் பிட் ஸ்ட்ரீட் என்பார்கள். லெபோ பந்தாய் என்றால் பீச் ஸ்ட்ரீட். வழி கேட்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைகள் வெயிலுக்கும் மழைக்கும் நல்லவை. ஆனால் ஒரு கடைக்காரர் அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார், அடுத்தவர் ஊதுபத்தி ஏற்றிச் சின்னச் சிவப்பு மாடம் வைத்திருப்பார், அதற்கடுத்த வாசல் திடீரென ஓரடி உயரும். சாலையோரச் சாக்கடைகளும் ஆழமானவை. போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஊர் இல்லை இது. பகலில் கால் வலித்தால் நகருக்குள் இலவசமாக ஓடும் கேட் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

முதல் காலை: சீனர் கோப்பிக்கடை

இந்த ஊரின் மாதிரி வடிவத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கோப்பிக்கடைக்குப் போக வேண்டும். கடை ஒருவருடையது, உள்ளே நிற்கும் தள்ளுவண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. சார் குவே தியாவ் என்ற அரிசிப் பட்டை நூடுல்ஸ் வறுப்பவருக்கும் மீ சூப் போடுபவருக்கும் பணவரவு தனித்தனி. கடை முதலாளி பானம் மட்டும் விற்பார். புதிதாக வருபவர் குழம்புவது இங்கேதான்.

முதலில் காலி மேசையில் உட்காருங்கள். கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவர் மேசையிலும் கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மேசையில் எண் இருந்தால் மனத்தில் வையுங்கள். எழுந்து போய் வேண்டிய வண்டியில் சொல்லிவிட்டு, மேசையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். தட்டு வரும்போது அந்த ஆளிடமே பணம் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் பானக்காரர் வந்து கேட்பார். அவரிடம் வேண்டாம் என்று சொல்வது நாகரிகமில்லை. அவருடைய மேசையிலும் நாற்காலியிலும்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சில கடைகளில் பானம் வாங்காதவருக்குத் தனிக் கட்டணமே உண்டு.

பானம் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோப்பி என்று மட்டும் சொன்னால் கெட்டிப் பாலும் சீனியும் கலந்து வரும். கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. கோப்பி ஓ கொசோங் என்றால் இரண்டும் இல்லை. தேநீருக்கும் இதே கணக்கு: தே, தே ஓ, தே ஓ கொசோங். பின்னால் ஐஸ் சேர்த்தால் குளிர்ச்சி, கூராங் மானிஸ் சேர்த்தால் சீனி குறைவு. நம் ஊர்க் காபிக்குப் பழகியவருக்கு இந்தக் கருங்கோப்பி முதல் வாயில் கருகல் வாடையடிக்கும். இரண்டாம் நாள் பிடித்துவிடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

என்ன சாப்பிடலாம் என்பது உங்கள் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. சார் குவே தியாவில் இறாலும் சிப்பியும் இருக்கும், பன்றிக்கொழுப்பில் வறுப்பதும் சகஜம். அசாம் லக்சா புளிப்பும் காரமுமாக நம் மீன்குழம்பின் தூரத்துச் சொந்தம். சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை: கண்ணுக்கு வெறும் காய்கறியாகத் தெரிவதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், சம்பல் என்றாலே அது இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். சைவம் வேண்டுமானால் சீனப் பௌத்தச் சைவக் கடைகளைத் தேடுங்கள். வாத்து, மீன் என்று பெயர் எழுதியிருக்கும், எல்லாம் சோயாவும் மாவும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர் பலர் சைவம், அன்று அந்தக் கடைகளில் நெரியும். குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்கள் பலர் மாட்டிறைச்சியையும் தொடமாட்டார்கள். "மாடு வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் கோப்பிக்கடையில் யாரும் விளக்கம் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய திறந்தவெளி உணவுத் திடல்களில் ஹலால் பகுதியும் மற்றதும் அடுத்தடுத்து இருக்கும். மலாய்க் கடைத் தட்டை எடுத்துக்கொண்டு பன்றியிறைச்சி இருக்கும் மேசைக்குப் போகாதீர்கள். பொட்டலம் கட்டி வாங்கியதாக இருந்தாலும் சீனர் கடைச் சாப்பாட்டை முஸ்லிம் கடைக்குள் பிரிக்காதீர்கள். அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் கடைக்காரரின் முகம் மாறிவிடும். இந்த ஊர்க்காரர்கள் சிறு வயதிலிருந்தே நினைவில் வைத்திருக்கும் விதி இது, பலகையில் எழுதியிருக்காது.

முதல் மதியம்: நாசி கண்டார் வரிசை

தமிழ் முஸ்லிம்கள் பினாங்குக்குக் கொடுத்த சாப்பாடு நாசி கண்டார். ஒரு காலத்தில் காவடிபோல் தோளில் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். இன்று சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். லெபோ கேம்பலில் உள்ள ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. அதைவிட ஏதோ ஒரு சந்துக்கடைதான் உயர்த்தி என்று ஒவ்வொரு பினாங்குக்காரரும் அடித்துச் சொல்வார். அந்த வழக்கில் தலையிடாதீர்கள்.

உணவுப் பட்டியல் கிடையாது. வரிசையில் நின்று, சோறு வந்ததும் விரலால் காட்ட வேண்டும்: கோழி, மீன் தலை, வெண்டை, முட்டை. குழம்பு ஒன்று போதுமா, எல்லாம் கலக்கவா என்பது அடுத்த கேள்வி. "பாஞ்சிர்" என்றால் சோறு மூழ்கக் குழம்பு ஊற்றுவார்கள், அதுதான் பினாங்கு வழக்கம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: டகிங் என்பது மாடு, குழம்புகளைக் கலக்கும்போது அந்தச் சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி விழும். "மாட்டுக் குழம்பு வேண்டாம் அண்ணே" என்று தமிழிலேயே சொல்லலாம். பரிமாறுபவர் கடையநல்லூர்க்காரராகவோ இராமநாதபுரம் பக்கத்து ஆளாகவோ இருக்க வாய்ப்புண்டு.

பெரிய இறாலுக்கும் மீன்சினைக்கும் கைநீட்டும் முன் விலை கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கல்லாக்காரர் தட்டை ஒரு பார்வை பார்த்துத் தொகை சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று ஆராய்வது வீண். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் இந்தக் கடைகள் மூடியிருக்கும் அல்லது மந்தமாக ஓடும். நோன்பு மாதத்தில் பகலில் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பதில் மாலையில் தெருவோர நோன்புச் சந்தை கூடும்.

இரண்டாம் நாள் காலை: ஒரே தெருவில் நாலு சமயம்

பழைய பிட் ஸ்ட்ரீட்டை வடக்கு முனையிலிருந்து தொடங்குங்கள், எட்டு மணிக்கே. பத்து மணிக்கு மேல் வெயில் நடக்க விடாது.

முதலில் வெள்ளைத் தூண்களோடு நிற்பது புனித ஜார்ஜ் தேவாலயம், 1818இல் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சில நிமிட நடையில் குவான் யின் கோயில். 1800 வாக்கில் ஹொக்கியன், கன்டனிஸ் சீனர்கள் சேர்ந்து அமைத்தது. வாசலில் ஆள் உயர ஊதுபத்திகள் எரியும், கண் எரிச்சலுக்குத் தயாராகப் போங்கள். கும்பிடுகிறவர்களுக்கும் பலிபீடத்துக்கும் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அடுத்து மாரியம்மன் கோயில். 1833இல் கட்டியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். இதன் பின்புறம்தான் பிட் ஸ்ட்ரீட்டைப் பார்க்கும், கோபுர வாசல் லெபோ குவீன் பக்கம். சுற்றி வர வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

தெற்கே நடந்தால் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல். காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், அன்றைய சமூகத் தலைவர், 1801இல் நிறுவினார். குவிமாடங்களும் மொகலாயச் சாயலும் பின்னால் வந்தவை. தொழுகை நேரம் தவிர மற்ற வேளையில் வெளியார் உள்ளே போகலாம். கைகால் மூட அங்கியும் கிடைக்கும். இதற்குப் பக்கத்தில் லெபோ சூலியா முனையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள் இறங்கிய இடத்தில் அவருக்கு ஒரு இடம் கட்டினார்கள். எனக்கு இந்தத் தெருவில் மிகப் பிடித்தது அதுதான்.

இன்னும் தெற்கே லெபோ அச்சே பள்ளிவாசல், 1808. எண்கோண மினார் உள்ளது. கப்பலில் ஹஜ் போன காலத்தில் யாத்திரிகர்கள் இங்கேதான் கூடினார்கள். அங்கிருந்து ஒரு சந்து தாண்டினால் கூ கொங்சி, கூ குலத்தாரின் மன்றம். 1901இல் எரிந்து 1906இல் மீண்டும் எழுந்தது. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். தங்க முலாம் மரச்செதுக்கல்களைப் பார்த்து முடித்தபின், சீனக் குலமன்றத்தின் வாசலில் தலைப்பாகையோடு காவல் நிற்கும் சீக்கியர் சிலையைத் தேடுங்கள். பணக்காரச் சீனர்கள் சீக்கியக் காவலாளி வைத்திருந்த காலத்தைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "என்ன ஒரு ஒற்றுமை" என்று உருகுவது எளிது. அரசுச் சுற்றுலா ஏடுகளும் இதை நல்லிணக்கத் தெரு என்றே எழுதும். என் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் வேறு. ஒவ்வொரு கூட்டமும் தன் சாமியோடும் தன் சங்கத்தோடும் தனியாகத்தான் குடியிருந்தது. கலப்பு நடந்தது சாப்பாட்டிலும் வியாபாரத்திலும், சில வீடுகளில் திருமணத்திலும். தமிழ் முஸ்லிம் ஆண்களும் மலாய்ப் பெண்களும் மணந்து உருவான ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் அப்படி வந்தவை.

நடை முடிந்ததும் வெல்ட் கரையோரச் சீனர் குடியிருப்புத் துறைகளுக்குப் போகலாம். சியூ துறை பெரியது, கடை அதிகம். பலகை நடைபாதையின் இரு புறமும் இருப்பவை வீடுகள். எட்டிப் பார்த்துப் படமெடுக்காதீர்கள், இருட்டியபின் போகாதீர்கள்.

யாரிடம் எப்படிப் பேசுவது

எந்த இனத்துக் கடையானாலும் "பாஸ்" என்று கூப்பிடலாம், ஆண்களுக்குப் பொருந்தும். மலாய் ஆணுக்கு "பாங்", மலாய்ப் பெண்ணுக்கு "காக்", வயதான பெண்ணுக்கு "மாச்சிக்". சீனப் பெரியவர்களுக்கு அங்கிள், ஆன்ட்டி. தமிழர்களுக்கு அண்ணே, அக்கா, ஐயா. "பெராப்பா" என்றால் எவ்வளவு, "தெரிமா காசே" என்றால் நன்றி. இவற்றை வைத்தே இரண்டு நாள் ஓட்டிவிடலாம். "பசியாறிட்டீங்களா" என்று ஒரு தமிழர் கேட்டால் காலைப் பலகாரத்தைக் கேட்கிறார்.

தமிழரைப் பார்த்து "இந்தியாவில் எந்த ஊர்?" என்று தொடங்காதீர்கள். நாலைந்து தலைமுறையாக இங்கே இருப்பவருக்கு அவர் ஊர் புக்கிட் மெர்த்தாஜாமோ நிபோங் திபாலோதான். "இங்கே எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக நீளும். முகம் தமிழாகத் தெரிகிற எல்லாரும் தமிழ் பேசுவார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். தெலுங்கர், மலையாளி இருப்பார்கள், ஆங்கிலத்திலேயே வளர்ந்த தமிழரும் இருப்பார்கள். தென்னிந்தியரைக் குறிக்கும் கிலிங் என்ற சொல் பள்ளிவாசல் பெயரில் இருக்கலாம், மனிதர்களைக் குறிக்கச் சொன்னால் வசவு. சீனர் இப்படி, மலாய்க்காரர் அப்படி என்று டாக்சியில் தீர்ப்பு எழுத வேண்டாம். ஓட்டுநர் தலையாட்டுவார், உடன்படுகிறார் என்று பொருளல்ல.

இரண்டாம் நாள் மாலை: இப்போது லிட்டில் இந்தியா

லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவீன், லெபோ கிங். வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் லெபோ பினாங்கில் இருந்தன. பணம் மாற்றிக்கொள்ள பிட் ஸ்ட்ரீட் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் நாணய மாற்றுக் கடைகள் விமான நிலையத்தைவிடப் பெரும்பாலும் நல்ல விலை தரும். இரண்டு கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். வாழையிலைச் சாப்பாடு, பலகாரம், பூ எல்லாம் கிடைக்கும். இரண்டு நாள் சுற்றிய பிறகு வந்தால், இலையில் சோறு வாங்கும் சீனக் குடும்பமும் மாரியம்மன் வாசலில் கைகூப்பும் சீனப் பாட்டியும் உங்கள் கண்ணில் படுவார்கள்.

தைப்பூசத்தை ஒட்டி வந்தால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள். முந்தின நாள் ரதம் லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழியெங்கும் மலைபோல் குவித்த தேங்காய்களைத் தமிழரோடு சீனர்களும் உடைப்பார்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தைப்பூச நாளில் வண்டி எதுவும் அந்தப் பக்கம் ஓடாது, நடக்கிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால்

லோரோங் பர்மாவில் 1803இன் பர்மியக் கோயிலும் 1845இன் தாய்லாந்துக் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன, ஒரு மணி நேரம் போதும். ஆயர் ஈத்தாம் கெக் லொக் சி கோயிலுக்கு அரை நாள். பினாங்கு மலைக்கு 204 எண் பேருந்து போகிறது. 1923இலிருந்து அங்கே கம்பிவட ரயில் ஓடுகிறது. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீளம், வார நாளில் முதல் ரயிலுக்கே போங்கள். டுரியான் பருவமாக இருந்தால் கடையில் நின்றே சாப்பிட்டு முடியுங்கள். அறைக்குக் கொண்டுபோனால் பல விடுதிகளில் அபராதம், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். ரயிலேறத் திரும்பும்போது படகுக்கு டிக்கெட் தேட வேண்டாம், தீவிலிருந்து போகும் பக்கம் இலவசம்.